க.ம. 115

பிப்ரவரி 3

ஒப்பந்தக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை முற்றத்தில் குளம் கட்டும் வேலை உங்களுக்கு வந்திருப்பதாகத் தலைமை டாக்டர் அம்மா சொன்னார். "உங்க சொந்தக்காரராமே, ரொம்ப நல்லதாப் போச்சு" என்று அவருக்குச் சந்தோஷம். ஆமாம், என் சகலைதான் என்று சொல்லி வைத்தேன். இரண்டு வருஷம் பேசாமல் இருந்ததால் அக்காளும் தங்கையும் வேறு வேறு வீட்டுப் பெண்களாக ஆகிவிடப் போகிறார்களா என்ன.

நேற்று நாம் போனில் பேச ஆரம்பித்த மூன்றாவது நிமிஷம் என் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதனால் வேலை முடியும்வரை நாம் இருவரும் கடிதத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று அக்காள் தங்கை இருவரும் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எழுதும்போது யாரும் கத்த மாட்டார்களாம். பார்ப்போம்.

என் கால் விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஜன்னல் திரை மாட்ட ஸ்டூலில் ஏறினேன். இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, ஆபரேஷன், மூன்று மாதம் ஊன்றக் கூடாது. சக்கர நாற்காலியில் இருக்கிறேன், வேலை நடக்கிற இடத்துக்கு வர முடியாது.

படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இது மேலிருந்து பார்க்கும் படம் மட்டும். பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் படத்தை, வரைபலகையில் குனிய முடிந்ததும் போட்டு அனுப்புகிறேன். குறிப்புகள் எல்லாம் சுருக்கமான தமிழில் இருக்கின்றன, கொத்தனாரே படித்துக்கொள்ளலாம். இது குளிக்கிற குளமோ மீன் வளர்க்கிற தொட்டியோ அல்ல. எதிரே இருக்கும் பெரிய மரமும் வானமும் தெரிவதற்கான கண்ணாடிக் குளம். அரையடி ஆழம் போதும். அடியில் கறுப்புக் கல் பதித்தால் ஆழம் தெரியாது, உருவம் மட்டும் தெரியும். டாக்டர் அம்மா நடுவில் ஒரு நீரூற்று கேட்பார், வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள். இந்தத் தண்ணீர் சும்மா இருந்தால்தான் வேலை செய்யும்.

கரையின் எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. மட்டம் விஷயத்தில் இந்த முறையாவது கவனம் தேவை.

இப்படிக்கு,
படம் போட்டவர்


பிப்ரவரி 10

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய கட்டடக்கலைஞர் அவர்களுக்கு,

படம் கிடைத்தது. கால் உடைந்ததில் உண்மையாகவே வருத்தம். ஆனால் வீட்டுக்கே மட்டம் பார்த்துக் கொடுக்கிறவர் ஆடுகிற ஸ்டூலில் ஏறினார் என்பதை நினைத்து இங்கே இரண்டு நாள் சிரித்தோம். மறைப்பானேன்.

'இந்த முறையாவது' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆரம்பித்தது நீங்கள், நானும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஹோட்டல் குளத்தில் ஒரு பக்கம் தண்ணீர் வழிந்தது, மறுபக்கம் கரை காய்ந்து கிடந்தது. திறப்புவிழாவுக்கு வந்த முப்பது பேருக்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "என் சகலைக்கு மட்டம் பார்க்கத் தெரியலை, என்ன பண்றது." அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தீர்கள். முப்பது பேரும் சிரித்தார்கள். என் மனைவியும் அங்கேதான் நின்றாள்.

அது புதிதாகக் கொட்டின மண், இறங்கும், இன்னொரு மழை பார்த்துவிட்டுக் கட்டலாம் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். அழகுக்காக அங்கேதான் வேண்டும் என்றது நீங்கள். மண் இறங்கியது. கரையை நான் மட்டமாகத்தான் வைத்தேன், பூமி இறங்கினதற்கு நான் என்ன செய்ய. அதற்கப்புறம் எனக்கு வந்த விசாரிப்புகளில் பாதி, "குளம் வேலை வேணாம், சுவர் மட்டும் கட்டுங்க" என்றுதான் வந்தது. மட்டம் பார்த்துப் பிழைக்கிறவனை ஊர் நடுவில் வைத்து மட்டம் தட்டினால் அவன் எங்கே போவான்?

வேலையை எடுத்துக்கொண்டேன், ஒழுங்காகச் செய்வேன். ஒரே நிபந்தனை. இதில் ஏதாவது தப்பாகப் போனால், யார் தப்போ அவர் பெயரை அப்படியே டாக்டர் அம்மாவிடம் சொல்ல வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

படம் நன்றாக இருக்கிறது. சொல்ல மனசில்லை, ஆனாலும் இருக்கிறது.

ஒப்பந்தக்காரன்


பிப்ரவரி 19

சகலைக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி முதலில் படித்துவிட்டு, என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் உப்பு எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை. ஹோட்டல் விஷயத்தைப் பற்றி இப்போது எழுத எனக்கு ஓடவில்லை. பிறகு எழுதுகிறேன்.

நிபந்தனைக்குச் சம்மதம்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாதமாக நாற்காலியிலேயே கிடப்பதில் உலகம் வேறு மாதிரித் தெரிகிறது. என் வீட்டுச் சமையல் மேடை மேல் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரிவதில்லை. சுவரில் மாட்டின கண்ணாடியில் என் நெற்றி மட்டும் தெரிகிறது. எத்தனை கட்டடம் போட்டிருக்கிறேன், எல்லாமே நிற்கிறவனுக்காகப் போட்டவை. அந்த மருத்துவமனை வராந்தாவில் மாதக்கணக்கில் இருக்கப்போகிறவர்கள் எல்லாம் நடக்கப் பழகுகிறவர்கள், முக்கால்வாசிப்பேர் நாற்காலியில் இருப்பவர்கள். அதனால் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து என் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அந்த அளவை வைத்துத்தான் முழுப் படத்தையும் போட்டேன். உட்கார்ந்திருக்கிறவர் கண்ணுக்கு மரம் உச்சி முதல் தண்ணீருக்குள் தெரிய வேண்டும். அவர்கள் தலையைத் தூக்காமல் வானத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தக் குளம் சரியாக வராவிட்டால் எனக்கு மனசு ஆறாது. வேறு யாருக்காகவும் இல்லை, இந்த நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன் என்பதற்காக.

சகலை


ஏப்ரல் 6

சகலைக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வேலை. உங்கள் மேல் இருந்த கோபம் எப்போதும்போல இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

நல்ல சேதி. கரைக்கல் எல்லாம் பதித்தாகிவிட்டது. ஹோட்டலில் பட்ட சூடு மறக்கவில்லை. அதனால் இடித்த பழைய கட்டடத்தின் கல்லையும் மண்ணையும் அள்ளி நிரப்பி, அரையடிக்கு ஒருதரம் தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி, இறுகின பிறகுதான் அடுத்த அடுக்கு போட்டேன். மூன்று வாரம் அதற்கே போயிற்று. கரையில் டியூபில் தண்ணீர் பிடித்து நாற்பது இடத்தில் மட்டம் பார்த்தேன். இரண்டு மில்லி என்றீர்கள், ஒரு மில்லிகூட இல்லை. மனசிருந்தால் நாலு பேர் முன்னால் சொல்லுங்கள்.

உங்கள் படத்தில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? அந்த மட்டம்தான். முதல்நாள் 'க.ம. 115' என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. தோட்டத்துத் தரையிலிருந்து வராந்தாத் தளம் நூற்று இருபது சென்டிமீட்டர் உயரம். தண்ணீர் அதற்கு இரண்டே அங்குலம் கீழே. வராந்தாவில் உட்கார்ந்தால் காலடியிலேயே தண்ணீர். யாருக்குத் தோன்றும் இது? கோபத்தையும் மீறிச் சபாஷ் போட்டேன்.

படத்தில் வராந்தா ஓரத்துக்குக் கைப்பிடிக் கம்பி காட்டியிருக்கிறீர்கள். விழுவதற்குப் பள்ளமே இல்லாத இடத்தில் அது எதற்கு, அடித்து நீக்கிவிட்டேன். நாற்காலிச் சக்கரம் உருண்டுவிடாமல் இருக்க நாலு அங்குலக் கல்விளிம்பு மட்டும் வைத்தேன். சாயங்காலம் மேற்கிலிருந்து காற்று வருகிறது, நிரப்பினால் தண்ணீர் கலையும். அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குச் செடி வரிசை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பக்கவாட்டுப் படம் இன்னும் வரவில்லை. இனிமேல் அதற்கு வேலையும் இல்லை.

சகலை


ஏப்ரல் 10

சகலை,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள். பள்ளம் இல்லையா? நான் போட்ட படத்தில் கிட்டத்தட்ட நாலடிப் பள்ளம் இருக்கிறது. குளம் தோட்டத்துத் தரையில் இருக்க வேண்டும். அதனால்தானே கம்பி!

க.ம. என்றால் கண்மட்டம். உட்கார்ந்திருக்கிறவர் கண், தளத்திலிருந்து 115. அதைக் கரைமட்டம் என்று படித்துவிட்டுக் குளத்தைத் தூக்கி வராந்தாவோடு ஒட்ட வைத்திருக்கிறீர்கள். கண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே நான் கணக்குப் போட்ட உயரத்தில் சரிபாதிதான் இப்போது இருக்கும். மரம் எங்கே விழும், வானம் எங்கே விழும், எல்லாம் போச்சு.

சந்தேகம் வந்திருந்தால் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். உடனே உடைக்க ஏற்பாடு செய்யுங்கள். மே முதல் வாரம் ஒப்படைக்க வேண்டும்.


ஏப்ரல் 14

ஐயா,

எனக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வந்தால்தானே கேட்பதற்கு. க.ம. என்று எழுதி எந்தக் கொத்தனாரிடம் காட்டினாலும் கரைமட்டம் என்றுதான் சொல்வான். கண்ணுக்கு மட்டம் போடுகிற ஆளை நான் என் ஆயுளில் இப்போதுதான் பார்க்கிறேன். பக்கவாட்டுப் படம் ஒன்று அனுப்பியிருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டு இரண்டு மாதம் மட்டம் போட்டது யார்?

உடைக்கச் சொல்கிறீர்கள், உடைக்கிறேன். ஆனால் எதற்காக உடைக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் சம்மட்டியைத் தூக்கின மறுநிமிஷம் டாக்டர் அம்மா வந்து நிற்பார். சகலைக்கு மட்டம் தெரியாது என்ற பேச்சு இன்னொரு தரம் கிளம்பினால் நான் இந்தத் தொழிலை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இதைக் கோபத்தில் எழுதவில்லை. நேற்று முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. கசிவு பார்க்க மூன்று நாளைக்கு முன்னால் தண்ணீர் நிரப்பினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. வராந்தாவுக்குத் தினமும் ஒரு அம்மாவை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். தபால் ஆபீசில் வேலை பார்த்தவராம். கழுத்தை நிமிர்த்த முடியாது, பார்வை எப்போதும் மடியில்தான். அந்த அம்மா அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கதை கட்டுகிறேன் என்பீர்கள். நீங்களே வந்து பாருங்கள். பார்த்துவிட்டு, சம்மட்டியை உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுங்கள்.

ஒப்பந்தக்காரன்


ஏப்ரல் 20

சகலைக்கு,

நீங்கள் கேட்ட தாளை எழுத உட்கார்ந்தேன். 'உடைப்பதற்கான காரணம்' என்று தலைப்புப் போட்டேன். வெளிச்சம் போதவில்லை என்று நாற்காலியை உருட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கீழே தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணி கேட்டது, குழந்தைகள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணுக்கு நேரே பால்கனிக் கம்பி.

தலைப்புக்குக் கீழே ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினேன்.

நாலடிப் பள்ளம் இருந்தால் கம்பி இல்லாமல் விட முடியாது. கம்பி வைத்தால் நிற்கிறவன் அதற்கு மேலாகப் பார்ப்பான், உட்கார்ந்திருக்கிறவர் அதற்கு நடுவேதான் பார்க்க வேண்டும். யாருக்காகப் படம் போட்டேனோ அவர்களையே கம்பிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன். மரத்தை அளந்தேன், வானத்தை அளந்தேன், என் கண்ணையும் அளந்தேன். நானே வரைந்த கம்பி என் கண்ணில் படவில்லை.

பிறகு உங்கள் மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரத்தின் உச்சி வராந்தா ஓரத்திலிருந்து ஐந்தரையடி தள்ளி விழுகிறது. மடியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணைக் கொஞ்சம் ஏறெடுத்தால் போதும். என் கணக்கில் அது பத்தடிக்கும் அப்பால் இருந்தது. மரத்தின் அடிப்பகுதி கொஞ்சம் மறைகிறது, மறைந்துவிட்டுப் போகட்டும்.

உடைக்க வேண்டாம். ஒரு கல்லையும் தொடாதீர்கள்.

மே 5, ஒப்படைக்கும் நாளன்று நான் வருகிறேன். டாக்டர் கார் வரைக்கும் அனுமதித்திருக்கிறார். நாற்காலியை மடித்து வைக்கலாம். அந்த அம்மா என்ன சொன்னார் என்பதை அன்றைக்குச் சொல்லுங்கள். ஹோட்டல் விஷயமும் நேரில்தான். எழுதி எழுதிப் பார்த்தேன், நாலு தாள் கிழித்தாயிற்று.

சகலை


மே 8

அன்புள்ள சகலைக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். காரில் ஏற்றும்போது உங்கள் காலை நான் இடித்துவிட்டதாக அக்காள் இங்கே போன் செய்து புகார் சொன்னார்களாம். இடித்தது கார் கதவு.

என் வீட்டில் ஒரு சிக்கல். அன்றைக்கு நடந்ததை அப்படியே வந்து என் மனைவியிடம் சொன்னேன். டாக்டர் அம்மா வராந்தாவில் நின்று, "சார், இந்த லெவல்ல வைக்கணும்னு எப்படி சார் யோசிச்சீங்க?" என்று உங்களைப் புகழ்ந்ததைச் சொன்னேன். உங்கள் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு புன்னகை செய்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். படத்தில் உங்கள் கையெழுத்து, 'க.ம. 115' என்றும் உங்கள் எழுத்து. கரையும் 115-இல் இருக்கிறது. ஆண்டவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நான்கூட, சரி, இவர் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீங்கள் நாற்காலியைத் திருப்பி, அத்தனை நர்சுகளும் ஊழியர்களும் நிற்கும்போது, "இது நான் போட்ட மட்டம் இல்ல டாக்டர். நான் போட்டிருந்தா இந்நேரம் எல்லாரும் கம்பி எண்ணிக்கிட்டு இருந்திருப்போம். இது என் சகலை போட்டது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு இடத்துல இவருக்கு மட்டம் தெரியாதுன்னு நான் சொன்னேன். அது பொய். அப்பவும் இவர்தான் சரி" என்றீர்கள். நான் அவசரமாக, இல்லை டாக்டர், அவர் எழுதினதைத்தான் நான் படித்தேன் என்று குறுக்கே விழுந்தேன். அதற்கு நீங்கள், படிக்கத் தெரியாவிட்டாலும் கட்டத் தெரிகிறது என்றீர்கள். அதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன்.

தபால் ஆபீஸ் அம்மா தண்ணீர் நிரப்பின அன்றைக்குச் சொன்னதை உங்களிடம் சொல்ல நினைத்தேன், அவரே சொல்லிவிட்டார். "மரத்துல ஒரு கூடு இருக்கு, பார்த்தீங்களா?" ஆறு மாதமாக அந்த மரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவர், கூட்டைத் தண்ணீரில்தான் முதல்முதலாகப் பார்த்திருக்கிறார். மரத்தை நிமிர்ந்து பார்க்க முடிகிற நாம் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இதையெல்லாம் சொன்னதும் என் மனைவி, "எங்க அத்தானா? நாலு பேர் முன்னாடியா? சும்மா கதை விடாதீங்க" என்று போய்விட்டாள். மூன்று நாளாக மன்றாடுகிறேன், நம்பவில்லை. ஹோட்டலில் அவள் காதால் கேட்டது அப்படியே நிற்கிறது. ஆகையால் அந்த வாக்கியம் எனக்கு எழுத்தில் வேண்டும். சுருக்கம் ஏதும் வேண்டாம், முழுசாக எழுதுங்கள்.

சகலை

பி.கு. இனிமேல் போனில் பேசிக்கொள்ளலாம் என்று அக்காள் தங்கை அனுமதி கொடுத்துவிட்டார்கள்.


மே 12

சம்பந்தப்பட்ட அனைவருக்கும், குறிப்பாக என் மனைவியின் தங்கைக்கும்,

இதன் மூலம் தெரிவிப்பது: ஹோட்டல் திறப்புவிழாவில் முப்பது பேர் முன்னிலையில் நான் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல் தப்பாக இருந்தது. திருத்திய வாக்கியம் பின்வருமாறு.

என் சகலைக்கு மட்டம் பார்க்கத் தெரியும்.

இதை நான் முழு நினைவோடும், ஒன்றரைக் காலோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கையெழுத்திடுகிறேன். சாட்சி: என் மனைவி. அவள் கையெழுத்துப் போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதால் மை கொஞ்சம் கலைந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

சகலை, கட்டி முடித்த குளத்தின் படத்தை மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா, திருத்தம் போட நேற்று எடுத்தேன். கம்பியை அழித்தேன். அந்த எண்ணுக்கு வந்ததும் ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன். உட்கார்ந்திருப்பவர் கண்மட்டம் 115, நீங்கள் வைத்த கரைமட்டமும் 115. அதில் அழிக்க ஒன்றும் இல்லை.